நாம் எழுதாத ஓலை

திருவெண்ணெய்நல்லூர் என்றவுடன் கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளல் நினைவுக்கு வருவார். அவர் காலத்துக்கும் முற்பட்ட ஒரு வழக்கும் இவ்வூருக்கு உண்டு. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் மறித்து, பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டி, அவரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடியதையும், அவ்வழக்கு இவ்வூர் அவையின் முன் வந்ததையும் பெரியபுராணம் கூறும். அக்கதையின் சமயப் பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. அவையோரின் நடைமுறையே நம் நெஞ்சைத் தொடுகிறது. அவர்கள் ஓலையைக் கொண்டுவரச் செய்தனர், படித்தனர், பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர், அதன் பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இன்று அதே ஊரின் லாரிக்காரர் ஒவ்வொரு நாளும் ஓர் ஓலைக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறார். அதை அவர் எழுதவில்லை. அவருக்கு எவரும் படித்துக் காட்டவும் இல்லை. டீசல் விலை என்பதே அவ்வோலை.

லாரி உரிமையாளர் என்றால் வரிசை வரிசையாக வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் பெருஞ்செல்வர் என்று எண்ணிவிட வேண்டாம். நம் பகுதியில் கடனுக்கு வாங்கிய ஒற்றை வண்டியைத் தாமே ஓட்டுபவர் பலர். பருவத்தில் பெரியசெவலை ஆலைக்குக் கரும்பு. மற்றைய நாள்களில் நெல்லும் காய்கறியும். ஒரு கணக்கைப் பார்ப்போம். இங்கிருந்து கோயம்பேட்டுக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். போக வர 360. பாரமேற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் 90 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் ஒரு நடைக்கு 900 ரூபாய் போயிற்று. வழியிலுள்ள சுங்கச்சாவடிகள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ளா. மாதத் தவணையும் காத்திராது. எஞ்சியிருப்பவை கிளீனரின் படியும் உரிமையாளர் வீட்டு அடுப்பும். அந்த 900 ரூபாய் அங்கேதான் வெட்டப்படுகிறது.

விலையைச் சந்தை தீர்மானிக்கிறது, அரசு என் செய்யும் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. உலகச் சந்தையில் ஏறினால் இங்கும் ஏறும், இறங்கினால் இங்கும் இறங்கும் என்பதே அப்போது தந்த வாக்கு. முதற்பாதி தவறாமல் நிறைவேறிற்று. இரண்டாம் பாதி என்னவாயிற்று?

2014 ஏப்ரலில் ஒரு லிட்டர் டீசல் மீது மைய அரசின் கலால் வரி 3 ரூபாய் 56 பைசா. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றினால் உலகம் முடங்கி, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. ஏழையின் வண்டிக்கு விடிவு வந்தது என்று எண்ணியிருப்போம். ஆனால் அந்த மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 13 ரூபாயும் டீசல் வரியில் ஏற்றப்பட்டன. வரி 31 ரூபாய் 83 பைசா ஆயிற்று. இறக்கத்தின் பயன் கருவூலத்துக்குப் போயிற்று. பின்னர் உலக விலை ஏறியபோது ஏற்றம் மட்டும் நம் தலையில் இறங்கியது. 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. இதுவோ சந்தையின் நீதி?

அச்சந்தை தேர்தல் காலங்களில் வாய்மூடி இருப்பதும் வியப்பே. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை, இடையில் ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்து முடிந்த அந்நாள்களில், எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவே இல்லை. முடிவுகள் வெளிவந்த சில நாள்களில் ஏற்றம் தொடங்கிற்று. 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது. வாக்குச்சாவடியைக் கண்டு நடக்கும் விலையைச் சந்தை விலை என்று அழைப்பது மொழிக்கே இழைக்கும் அநீதி.

முந்தைய ஆட்சி விட்டுச் சென்ற எண்ணெய்க் கடன் பத்திரங்களே தடை என்று 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். பாட்டன் எழுதிய ஓலை! அதையும் அவையில் படித்துப் பார்ப்போம். 2021–22 நிதியாண்டில் அப்பத்திரங்களுக்காக அசலும் வட்டியுமாகச் செலுத்த வேண்டியிருந்தது ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஓராண்டில் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியாக மைய அரசு ஈட்டியது ஏறத்தாழ 3.35 லட்சம் கோடி ரூபாய். கடன் உண்மைதான், அதற்கெனப் பெறும் தொகையின் அளவு அன்று.

மாநில அரசும் இவ்வழக்கிலிருந்து தப்ப இயலாது. அந்த 31 ரூபாய் 83 பைசாவில் மாநிலங்களோடு பங்கிடத்தக்கது 4 ரூபாய் 83 பைசா மட்டுமே என்ற குறையில் நியாயம் உண்டு. ஆயினும் 2020 மே மாதத்தில் தமிழக அரசும் தன் மதிப்புக்கூட்டு வரியை உயர்த்திற்று. 2021 ஆகஸ்டு நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அரிசியையும் கரும்பையும் சுமக்கும் டீசலுக்கு அவ்வறிக்கையில் ஒரு பைசாவும் குறையவில்லை.

எரிபொருள் விலை உயர்ந்தால் பயன்பாடு குறையும், புவி பிழைக்கும் என்று நல்லோர் சிலர் வாதிடுவர். எண்ணெயையும் நிலக்கரியையும் தாமதமின்றிப் படிப்படியாக விட்டு விலக வேண்டும் என்று 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியதை நாமும் ஏற்கிறோம். அதே மடல் ஏழையின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. வயலிலிருந்து ஆலைக்குக் கரும்பைக் கொண்டுசெல்ல இன்று வேறு வண்டி ஏது? மாற்று வழியைத் திறந்துவிட்டுப் பழைய வழிக்கு வரி விதிப்பது சீர்திருத்தம். ஒரே வழியை வைத்துக்கொண்டு அதன் வாயிலில் வரி தண்டுவது வேறு.

அரசுகளை மட்டும் சாடிவிட்டு நாம் கைகழுவ இயலுமா? வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போக வேன் பேசும்போது, போன ஆண்டு கொடுத்த வாடகைதான் என்று பிடிவாதம் பிடிப்பவர் யார்? வீடு கட்ட மணலும் செங்கலும் இறக்கியவரிடம் கடைசி 200 ரூபாயைப் பிடித்து வைப்பவர் யார்? அவர் ஒத்துக்கொண்டார் அன்றோ என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். வறுமையின் நெருக்கடியில் தொழிலாளி ஒத்துக்கொள்ளும் கூலி உண்மையான ஒப்பந்தம் ஆகாது, அது வன்முறைக்கு இரையாவதே என்று 1891-லேயே திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் உரைத்தார். தவணைக்கு அஞ்சிக் குறைந்த வாடகைக்கு வண்டியைக் கிளப்புபவரும் அத்தகையவரே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பங்க்கில் தரும் ரசீதில் அளவும் விலையும் இருக்கின்றன. எண்ணெயின் அடக்க விலை எவ்வளவு, மைய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்பதையும் அதிலேயே அச்சிட வேண்டும். உலக விலை இறங்கும்போது வரியை ஏற்றி அப்பயனை விழுங்கும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும். டீசல் விலையோடு லாரி வாடகையும் ஏறி இறங்குமாறு ஆலைகளும் வணிகர்களும் ஒப்பந்தம் எழுத வேண்டும். நம் வீட்டு வாடகை வண்டிக்கும் அந்நெறியை நாமே தொடங்க வேண்டும்.

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும், கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் கட்டுப்படுபவனுக்கு ஓலையைக் காட்ட வேண்டும் என்பது இம்மண்ணின் பழைய நீதி. சுந்தரரின் வழக்கில் முதியவர் வென்றார். எனினும் மூல ஓலையைக் காட்டிய பின்னரே வென்றார். நம் ஆட்சியாளரும் அதைக் காட்டட்டும்.