யாருடைய போனுக்குப் பாடம்?

2021ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். எங்கள் பதுளை மாவட்டத்து லுணுகலையில், பிள்ளைகளைப் பெரியவர்கள் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையுச்சியில் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. அதில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். பிள்ளைகள் முறை வைத்து ஏறி, செய்த வீட்டுவேலையை அனுப்பிவிட்டு, புதுப் பாடத்தை இறக்கிக்கொண்டு திரும்பினார்கள். அதே காலத்தில் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 45 பேர், சிறுத்தையும் யானையும் வந்துபோகும் காட்டு வழியில் 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். நாலைந்து பேருக்கு ஒரு போன். இந்தச் செய்தி வெளிநாட்டு ஊடகங்களிலும் படங்களோடு வந்தது.

படங்களைப் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டினார்கள். ஆர்வம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அந்தப் பாடத்தைத் தயாரித்து அனுப்பச் சொன்னவர்கள், அது எந்தப் பிள்ளையின் போனில் திறக்கப்படும் என்று ஒரு முறையாவது யோசித்தார்களா?

அப்போது நான் தரம் 8. எங்கள் வீட்டில் ஒரு போன்தான், அதுவும் வாப்பாவுடையது. காலையில் கடைக்குப் போனால் இஷாவுக்குப் பிறகுதான் வீடு வரும். வந்ததும் முதலில் சாதாரண தரம் எழுதவிருந்த நானாவின் கைக்குப் போகும். எனக்குக் கிடைக்கும்போது வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் எழுபது எண்பது மெசேஜ் குவிந்திருக்கும். பாதி “நன்றி டீச்சர்”, மீதியில் பாதி தலைகீழாக எடுத்த கொப்பியின் படம். பத்து மணிக்கு நடந்த ஸூம் வகுப்பு பத்து மணியோடு முடிந்துபோயிருக்கும். வீட்டில் போன் இருக்கிறதா என்று பாடசாலையில் கணக்கெடுத்தபோது “இருக்கிறது” என்றுதான் எங்கள் பெயருக்கு நேரே எழுதினார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் போன் என் கையில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் 40 வீதமானோரே இணையவழி வகுப்புகளில் சேர முடிந்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் மதிப்பிட்டார். ஆசிரியர்களிலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களில் அநேகர் சொந்தப் போனில் சொந்த டேட்டாவைச் செலவழித்துத்தான் கற்பித்தார்கள். தேசியத் தொலைக்காட்சியின் நேத்ரா அலைவரிசையில் தமிழில் பாடங்கள் போனது நல்ல வேலை. ஆனால் லயன் அறையில் ஒரு டீவி, மூன்று வகுப்பில் மூன்று பிள்ளைகள் என்றால் அங்கேயும் முறை வைக்கத்தான் வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததே 2021 மார்ச்சில்தான். முகங்களெல்லாம் தெரிய ஒரு மணித்தியாலம் நடக்கும் ஸூம் வகுப்பு 1 ஜீபி அளவு டேட்டாவை விழுங்கும். அதே பாடத்தை டீச்சர் பத்து நிமிடம் பேசிக் குரல் பதிவாக அனுப்பினால் இரண்டு மூன்று எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு முறை இறக்கினால் போதும். இரவு பதினொரு மணிக்கும் கேட்கலாம், விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அனுப்பலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் அது போனுக்குள் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த கதை, இப்போது பாடசாலை ஒழுங்காக நடக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். கொரோனா போனது, வட்ஸ்அப் குறூப் போகவில்லை. உயர்தரத்துக்கு வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. “நோட்ஸ் குறூப்பில போட்டிருக்கு” என்று சொன்னால் பாடம் முடிந்தது என்று அர்த்தமாகிவிட்டது. சனிக்கிழமை வகுப்பில் என்னோடு இருக்கும் தோழி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருகிறாள். அவளுடைய லயத்தில் சிக்னல் எடுக்கும் இடம் பீலிக்கரைதான். ராத்திரியில் ஒரு பெண்பிள்ளை பீலிக்கரையில் நின்று 60 எம்பி பீடிஎஃப் இறக்க முடியுமா? திங்கட்கிழமை பஸ்ஸில் அவளுக்கு நான் என் கொப்பியைக் கொடுக்கிறேன். அதுவும் ஒரு தொழில்நுட்பம்தான்!

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரியலில் ஏதாவது விளங்கவில்லை என்று யூடியூபில் தமிழில் தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு வகுப்புகள். நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நாங்கள் ஒளித்தொகுப்பு என்று படிப்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள். எங்கள் ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், எங்கள் கலம் அங்கே செல், எங்கள் பிரசாரணம் அங்கே சவ்வூடு பரவல். விசயம் தெரிந்த பிள்ளை சமாளிக்கும். முதன்முதலாகப் படிக்கும் பிள்ளை குழம்பும். பரீட்சைத் தாளில் எந்தச் சொல்லை எழுதுவது என்று பயப்படும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எங்கள் பாடத்திட்டத்துக்கு உரியவை இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம். இவை இருப்பதே தெரியாமல் நூறு ரூபா இருநூறு ரூபா கொடுத்துப் போட்டோப் பிரதி எடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இனிப் பெற்றோருக்கு, கோபிக்காமல் வாசிக்கச் சொல்லி, ஒரு விசயம். எங்கள் பகுதியில் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்குத் தமிழ்மொழி ஆசிரியர்கள் போதாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்பிள்ளைகள் பண்டாரவளைக்கோ கண்டிக்கோ போய் வகுப்பெடுத்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் வருகிறார்கள். எங்களை மஃரிபுக்குப் பிறகு வெளியே விட உங்களுக்கு மனம் வராது. அந்தப் பயத்தை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் வெளியேயும் விடாமல், “பொம்புளப் பிள்ளைக்கு என்னத்துக்கு போன்” என்று அதையும் வாங்கி வைத்தால், எங்களுக்கு மிஞ்சுவது எது? உண்மையில் இணையவழிப் படிப்பு எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் உதவ வேண்டியது. வீட்டு வாசற்படி தாண்டாமல் மட்டக்களப்பில் இருக்கும் ஒரு நல்ல பௌதிகவியல் சேரிடம் படிக்கலாம். போனை ஹோலில் வைத்தே பாவிக்கிறோம், உம்மா பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் இன்ன நேரம் என்று முடிவு செய்து தாருங்கள். அந்த நேரத்தில் நானாவும் தம்பியும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

போனைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆபிரிக்காவில் பொட்சுவானா என்ற நாட்டில் 2020இல் பாடசாலைகள் மூடியபோது சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்கு வாரம் ஒரு முறை கணக்குகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, ஒருவர் கோல் எடுத்துப் பெற்றோரோடும் பிள்ளையோடும் பதினைந்து இருபது நிமிடம் பேசி, அந்தக் கணக்கைச் செய்ய வைத்தார். செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கோலும் போன வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இதற்கு ஸ்மார்ட் போன்கூடத் தேவையில்லை. தோட்டத்துப் பாட்டியின் பட்டன் போன் போதும். குறூப்பில் போடுவதையும் கற்பிப்பதையும் ஒன்றாக நினைப்பவர்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் பார்க்கலாம். அனுப்பியது பிள்ளைக்கு விளங்கியதா என்று யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தவணை தொடங்கும் முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் யாருடைய போன், எத்தனை மணிக்குக் கிடைக்கும், சிக்னல் எங்கே எடுக்கும். வகுப்பில் எல்லோரையும்விடக் குறைந்த வசதி யாருக்கோ, அந்தப் பிள்ளையின் போனில் திறக்கக் கூடியதாகவே அந்த வகுப்புக்கு எதையும் அனுப்புவது. வசதியுள்ள பிள்ளைக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அவளுடைய போனிலும் அது திறக்கும்.

எங்கள் கணினி ஆய்வுகூடத்தைப் பற்றியும் ஒரு யோசனை இருக்கிறது. பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது. பென்ட்ரைவோ மெமரி கார்டோ கொண்டுவரலாம். அங்குள்ள ஒரே ஒரு கணினியில் பாடநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள், டீச்சர்மாரின் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் பாடவாரியாக இறக்கி வைத்தால், தேவையான பிள்ளை வாரம் ஒரு முறை கொப்பி பண்ணிக்கொண்டு போகும். மடுல்சீமை, நமுனுகலை, பசறைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு சிக்னலும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். இறக்கி ஒழுங்குபடுத்தும் வேலையை நானும் என் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் இருவரும் செய்யத் தயாராக இருக்கிறோம். செவ்வாய், வியாழன் இடைவேளையில் ஆய்வுகூடத்துச் சாவி கிடைத்தால் போதும்.