பயிற்றுநருக்குரிய ஆதரவு: விச்சிற்றா விவகாரம் பற்றிய ஒரு மறுப்பு

தோல்வியுறும் பயிற்றுநர் ஒருவரை நீக்குவதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நெடுநேரம் சிந்திப்பதில்லை. வென்றுகொண்டிருக்கும் பயிற்றுநர் மீது குற்றச்சாட்டு எழும்போதே சிந்தனை தொடங்குகின்றது. அச்சிந்தனையும் குற்றச்சாட்டைப் பற்றியதாக அமையாது, பெரும்பாலும் வெற்றிகளைப் பற்றியதாகவே அமைந்துவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிற்றா அரச பல்கலைக்கழகத்திற் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக விளங்கிய கிறெக் மார்ஷலின் விவகாரம் இதற்குத் தக்க சான்றாகும். 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பதவி துறந்தார். சிறிய பல்கலைக்கழகமொன்றை நாடறியச் செய்த ஒருவருக்கு இறுதிவரை ஆதரவு அளித்திருக்க வேண்டும். அளிக்காமை நன்றி மறந்த செயல் என்பது அவர் சார்பில் எழும் வாதம். இவ்வாதத்தின் பொருத்தப்பாடு ஆராயத்தக்கது. ஏனெனில் இது விச்சிற்றாவோடு முடியும் வாதமன்று. எங்கெல்லாம் ஒரு நிறுவனத்தின் புகழ் ஒரு மனிதரின் திறமையிற் தங்கியுள்ளதோ, அங்கெல்லாம் இதே வாதம் தலைதூக்கும்.

மார்ஷலின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. தென் கரோலினாவிலுள்ள வின்த்றொப் என்னும் சிறிய பல்கலைக்கழகத்தை, 1998 முதல் 2007 வரையான ஒன்பது பருவங்களில் ஏழு தடவை தேசியச் சுற்றுப்போட்டிக்கு இட்டுச்சென்றவர் அவர். 2007 இல் விச்சிற்றாவுக்கு வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில், தொலைக்காட்சி வருமானத்தாலும் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட வருமானத்தாலும் செழிக்கும் பெரும் பல்கலைக்கழகங்கள் ஒரு புறமும், அவ்வருமானம் இல்லாத நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் மறு புறமுமாகப் பிரிந்து நிற்கின்றன. விச்சிற்றா உதைபந்தாட்டத்தை 1986 ஆம் ஆண்டுடன் கைவிட்டது. அதற்கு எஞ்சியிருந்த பெரும் விளையாட்டு கூடைப்பந்தாட்டமே.

இத்தகைய இடத்தில், 2013 இல் அவரது அணி, கொன்சாகாவையும் ஒகாயோ அரச பல்கலைக்கழகத்தையும் வீழ்த்தி இறுதி நால்வருள் ஒன்றாயிற்று. 1965 இற்குப் பின்னர் விச்சிற்றா அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. மறு ஆண்டு 35 ஆட்டங்களில் தோல்வியே காணாது சென்று, 36 ஆம் ஆட்டத்தில் கென்ரக்கியிடம் 76 இற்கு 78 என்ற கணக்கில் வீழ்ந்தது. 2012 முதல் 2018 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாது தேசியச் சுற்றுப்போட்டியில் இடம்பெற்றது. பதின்மூன்று பருவங்களில் வெற்றிகள் 331, தோல்விகள் 121. நகரமே அரங்கில் திரண்டதில் வியப்பில்லை.

2020 ஒக்டோபரில் வெளிவந்த செய்தியறிக்கைகள் வேறொரு கணக்கைக் காட்டின. 2015 இல் பயிற்சியின்போது வீரர் ஒருவரை அடித்தார், உதவிப் பயிற்றுநர் ஒருவரின் கழுத்தைப் பற்றினார், வீரர்களை அவர்தம் இனத்தையும் பிறப்பையும் சுட்டி இழித்துரைத்தார் என்பன அவற்றிற் கூறப்பட்ட குற்றச்சாட்டுகள். மார்ஷல் அவற்றை மறுத்தார். பல்கலைக்கழகம் வெளியிலிருந்து சட்ட நிறுவனமொன்றை அமர்த்தி விசாரித்தது. அடுத்த மாதம் அவர் விலகினார். விலகியவருக்கு ஆறு ஆண்டுகளில் 7.75 மில்லியன் டொலர் வழங்குவதற்கு உடன்பாடு செய்யப்பட்டது.

‘நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு’ என்பது ஆதரவாளர் பற்றிநிற்கும் முதற் கம்பம். குற்றவாளி என ஒருவரைத் தண்டிப்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்பது உண்மை. எவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கு எழுந்த வினா தண்டனை பற்றியதன்று. பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவர்களை ஒருவர் பொறுப்பில் தொடர்ந்தும் ஒப்படைக்கலாமா என்பதே வினா. தண்டிக்கப்படாமல் இருக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆண்டுக்கு மூன்று மில்லியன் டொலருக்குக் குறையாத ஊதியத்துடன் மாணவர்மீது அதிகாரம் செலுத்தும் உரிமை எவருக்கும் பிறப்புரிமையாக வாய்ப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே ஆதரவாளரின் வாதம் உயிர்வாழ்கின்றது.

கண்டிப்பின்றிச் சாதனை இல்லை என்பர் வேறு சிலர். பிறெட் வான்விலீற்றை உதாரணங் காட்டுவர். விச்சிற்றாவில் மார்ஷலிடம் பயின்ற அவர், 2016 இல் தொழில்முறை அணிகள் எவற்றாலும் தேர்வுசெய்யப்படாது ஒதுக்கப்பட்ட போதிலும், 2019 இல் ரொறன்ரோ அணியுடன் வாகை சூடினார். இது மறுக்கவொண்ணா வெற்றி. எனினும் இத்தகைய எடுத்துக்காட்டில் ஓர் ஏமாற்று உண்டு. கடுமையைத் தாங்கி நின்றவர் மேடையில் நிற்பார். தாங்காது சென்றவர் கண்ணிற் படார். நின்றவரை மட்டும் எண்ணிவிட்டு, அடியே ஆக்கியது என முடிவுகட்டுவது எவ்வகை அளவையியல்? அவர் முன்னேறியது கடுமையால் என்பதற்கோ, கடுமையையும் மீறி என்பதற்கோ அவ்வெற்றி மட்டும் சான்றாகாது. அதிகாலைப் பயிற்சியும், பிழையைப் பத்துத் தடவை திருத்துதலும், சோம்பியவரை இருக்கையில் அமர்த்துதலும் கண்டிப்பே. பிறப்பைச் சொல்லி இழித்தல் எந்தப் பந்தைக் கூடைக்குள் சேர்க்கும் என்பதை இதுவரை எவரும் விளக்கவில்லை.

‘விருப்பமில்லாதவர் விலகிச் செல்லலாமே’ என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கூற்று. அன்றைய விதிகளை நோக்கின் அதன் போலித்தன்மை புலனாகும். 2021 ஏப்ரலில் விதி தளர்த்தப்படும்வரை, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கூடைப்பந்தாட்ட வீரர், தனி விலக்குப் பெற்றாலன்றி, ஓராண்டு ஆடாது காத்திருத்தல் வேண்டும். மாணவருக்கு நான்கு பருவங்களே உரியன. அவற்றின் நடுவே ஓராண்டு ஓய்ந்திருத்தல் எத்துணை இழப்பு! 2021 ஜூலை வரை, தம் பெயரையோ உருவத்தையோ கொண்டு பொருளீட்டவும் அவர்க்கு அனுமதி இருக்கவில்லை. அவர் பெற்றது புலமைப்பரிசில் மட்டுமே.

பயிற்றுநரின் நிலை யாது? 2006 இல் மார்ஷல் சார்ள்ஸ்ரன் கல்லூரியின் பதவியை ஏற்றுக்கொண்டு, மறுநாளே மனம்மாறி வின்த்றொப்புக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே வின்த்றொப்பையும் நீங்கி விச்சிற்றாவுக்குச் சென்றார். 2015 இல் அலபாமா அவரை அழைத்தபோது, விச்சிற்றா ஊதியத்தை உயர்த்தி அவரைத் தக்கவைத்தது. இவற்றிற் சட்டவிரோதம் ஏதும் இல்லை; சந்தையின் வழக்கம் அது. ஆனால் ஒரே அரங்கினுள் ஒருவர் விரும்பியபோது செல்லலாம், மற்றவர் ஓராண்டை ஈடுவைத்தே செல்லலாம் என்றிருக்கையில், ‘விலகலாமே’ எனும் சொல்லை மாணவரை நோக்கி வீசுவது எளியோரை எள்ளுவதாகும். விசுவாசம் வேண்டுமெனக் கேட்போர், அதை மேலிருந்து கீழ்நோக்கியே கேட்கின்றனர்.

2013 ஏப்ரலில், விச்சிற்றா இறுதி நால்வருக்குள் ஆடவிருந்த அதே வாரத்தில், நியூ ஜேர்சியின் றட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் பயிற்றுநர் மைக் றைஸை நீக்கியது. பயிற்சியில் அவர் வீரர்மீது பந்துகளை எறிவதும், இழிசொற்களால் ஏசுவதும் ஒளிப்பதிவாகத் தொலைக்காட்சியில் வெளியாயின. அப்பதிவைப் பல்கலைக்கழக நிர்வாகம் முந்திய ஆண்டிலேயே பார்த்திருந்தது. மூன்று ஆட்டங்களுக்கு இடைநிறுத்தி, தண்டப்பணமும் விதித்து அமைந்தது. நாடு பார்த்த பின்னரே நீக்கம் நிகழ்ந்தது. அவர் அணி வென்ற ஆட்டங்களிலும் தோற்றவை அதிகம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது: அவருக்காகத் தெருவில் இறங்க எவரும் இருக்கவில்லை. மறுதலையாக, 2000 ஆம் ஆண்டில் இந்தியானாப் பல்கலைக்கழகம் மூன்று தேசிய வெற்றிகளை ஈட்டிய பொப் நைற்றை நீக்கியபோது, ஆயிரக்கணக்கான மாணவர் பல்கலைக்கழகத் தலைவரின் இல்லத்தின் முன் திரண்டு ஆர்ப்பரித்தனர். வீரர் ஒருவரின் கழுத்தை நைற் பற்றும் 1997 ஆம் ஆண்டுக் காட்சி அதற்கு முன்னரே வெளியாகியிருந்தது. கை ஒன்றே, கழுத்தும் ஒன்றே. வேறுபட்டது வெற்றிப் பட்டியல்தான்.

இனி, அவர் சென்றபின் விச்சிற்றா என்னாயிற்று எனக் கேட்பர். உடனடி விடை ஆதரவாளர்க்கு உவப்பானதன்று. உதவிப் பயிற்றுநராயிருந்த ஐசாக் பிறவுண் பொறுப்பேற்று, அதே பருவத்தில் தம் பிரிவின் முதலிடத்தை வென்று, அணியைத் தேசியச் சுற்றுப்போட்டிக்கும் கொண்டுசென்றார். நீண்டகால விடை அவர்க்குச் சற்று உதவும். அடுத்த இரு பருவங்களும் மங்கின. 2023 இல் பிறவுணும் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த போல் மில்ஸின் முதற் பருவத்திலும் தோல்விகளே மிகுந்தன. ஆம், மார்ஷலைப் போன்று வெல்லும் ஒருவர் எளிதிற் கிடைப்பதில்லை. அதை ஒப்புக்கொள்வதால் எதிர்வாதம் இழப்பது யாதுமில்லை. சில வெற்றிகளை இழந்தேனும் மாணவரைக் காத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இழப்பே இராது என அது ஒருபோதும் வாக்களிக்கவில்லை. அன்றியும், 2013 இல் விச்சிற்றாவை 72 இற்கு 68 என வென்று, பின் கிண்ணத்தையும் கைப்பற்றிய லூயிவில் அணியின் அவ்வெற்றி, விதிமீறல்களின் காரணமாக 2018 இல் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டது. அரங்கக் கூரையில் தொங்கும் கொடிகளின் ஆயுள் அவ்வளவே.

இவ்வளவும் கூறியபின், பல்கலைக்கழகம் நன்று செய்தது எனப் பாராட்டிவிட முடியாது. குற்றச்சாட்டுகளிற் பாரதூரமானது 2015 ஆம் ஆண்டைச் சேர்ந்தது; விசாரணையோ 2020 இல், அதுவும் செய்தியாளர் எழுதும் தறுவாயில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஊதியம் உயர்ந்தது. நிர்வாகத்தின் செவி திறக்கவில்லை. குற்றச்சாட்டுகள் பொய்யாயின், 7.75 மில்லியன் டொலர் கொடுத்து அவரை அனுப்பியிருக்கத் தேவையில்லை. அவர் பெயரைத் துடைத்துக் காத்திருக்க வேண்டும். மெய்யாயின், அத்தொகையைக் கொடுக்கவே தகாது. விசாரணையிற் கண்டதை விரிவாக வெளியிடாது உடன்பாட்டை மட்டும் அறிவித்தமையால், மார்ஷலுக்கும் நீதி கிட்டவில்லை. வாய்திறந்த மாணவர்க்கும் கிட்டவில்லை. அரச பல்கலைக்கழகம் என்னும் பெயரைத் தாங்கும் நிறுவனம், யார் எப்போது முறையிட்டார், எவரிடம் முறையிட்டார், அம்முறைப்பாடு எந்த மேசையில் தங்கிற்று என்பவற்றையாவது, மாணவர் பெயர்களை மறைத்து, பொதுமக்கள் முன் வைத்தல் வேண்டும்.