சிபாரிசுக் கடிதம் வேண்டாம், பத்திரத்தைத் திருத்தித் தா!

தோழர்களே, அரச உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்ததும் நம் லயங்களில் என்ன நடக்கிறது? ஒரு எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க ஓடுகிறோம். அன்றைய பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு வாவிக்கரையில், காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் இருந்தார்கள். கடிதத்தால் வேலை கிடைக்குமென்றால், பட்டம் பெற்ற பிள்ளைகள் ஏன் அங்கே போய் உட்காரவேண்டும்?

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பத்திரத்தில். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தகப்பன் பெயர் மூன்று விதம். பதிந்தவர் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். பழி பிள்ளை தலையில். 1948இல் பறித்த குடியுரிமை முழுதாகத் திரும்ப 2003 வரை காத்திருந்த சனத்துக்கு இது புதிதா என்ன!

ஆகவே மூலப் பிரதிகளை இன்றைக்கே எடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அழைப்பு வந்தபின் திருத்த அவகாசம் இராது.

சிங்களம் தெரியாதே என்று பிள்ளையைப் பயமுறுத்தவும் வேண்டாம். அரச சேவைக்கு ஆள்சேர்க்கும் பரீட்சைக்குத் தமிழில் தோற்றும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. சேர்ந்தபின் சிங்களம் படிக்கச் சொல்லலாம், படிக்கட்டும்.

இனிக் கடிதம் தருகிறேன் என்று எந்த எம்.பி. வந்தாலும் கேளுங்கள்: ஐயா, கடிதம் இருக்கட்டும், பெயர் திருத்த ஒரு நடமாடும் சேவையை எங்கள் தோட்டத்துக்கு எப்போது கொண்டுவருவீர்கள்?