மலிவு குற்றமன்று, மறைப்பே குற்றம்

மடக்குக் கத்தியின் விலையைக் குறைக்க எங்கேனும் சிக்கனம் செய்தே ஆக வேண்டும். அதில் தவறில்லை. பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் தோன்றிய ஒப்பினெல் கத்தியே சான்று. அதன் மரபான வகையில் பிடி பீச் மரம், அலகு எளிய கார்பன் எஃகு. ஈரம் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஆனால் எளிதில் தீட்டலாம். 1955-இல் அலகைப் பூட்டும் உலோக வளையத்தையும் சேர்த்தனர்.

பிடியை நெகிழியால் செய்தால் அழகு குறையும், அவ்வளவே. எஃகின் தரம் தாழ்ந்தால் அடிக்கடி தீட்ட நேரும். பூட்டில் சிக்கனம் செய்தாலோ, அலகு மடங்கி விரலையே பதம் பார்த்துவிடும்.

'குறைந்த விலைக்கு இதுவே போதும்' என்பர் சிலர். நாம் அதை ஏற்கவில்லை. எஃகின் பதமும் பூட்டின் வலுவும் கண்ணுக்குப் புலப்படாதவை. உணவுக் குவியலினுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

எனவே, விற்போர் எதில் குறைத்தோம் என்பதை விலையோடு சேர்த்தே சொல்லட்டும். வாங்கும் நாமும் பிள்ளைகளின் கையில் கொடுக்குமுன் பூட்டைச் சோதிப்போம். அல்லாஹ் நம் வணிகத்தில் பரக்கத் செய்வானாக!