13-ஆவது பிரிவை எதற்கு எடுத்தார்கள்?

வயநாடு நிலச்சரிவில் எல்லாம் இழந்தவர்களின் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யலாமா என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. அதற்கு வழி சொல்லும் 13-ஆவது பிரிவே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இப்போது இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. வழக்கு நடக்கும்போதே, 2025 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பிரிவு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கடும் பேரிடரில் சிக்கியவர்களுக்குக் கடன் தவணையில் சலுகை தரவும், எளிய நிபந்தனையில் புதுக் கடன் தரவும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது, அவ்வளவே. அதுவும் உறுத்தியிருக்கிறது.

கடன் என்றால் என்ன என்பதை எங்கள் கறம்பக்குடியில் கேட்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததில் இங்கே தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது, பலா முறிந்தது. தென்னம்பிள்ளை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். தவணை அவ்வளவு நாள் நிற்குமா? கரண்ட் வராத ஊருக்குள்ளும் குழு லோன் வசூலுக்கு ஆள் வந்தது. ஓடு பறந்த வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் வாரத் தவணை கேட்டார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரியே கடன்காரியானாள். 13-ஆவது பிரிவு அன்று சட்டத்தில் இருந்தது. எங்களுக்காக யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. பயன்படுத்தாததால் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

இவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? கஜாவுக்கு மாநிலம் கேட்டது சுமார் 15,000 கோடி. அந்த ஆண்டின் கடைசி நாளில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது 1,146 கோடி. மத்தியக் குழு வந்தது, விழுந்த மரங்களைப் பார்த்தது, போனது. தேசியப் பேரிடராக அறிவியுங்கள் என்றால், சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் நிவாரண நிதி கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இல்லாததைக் காட்டிக் கைவிரிப்பதும், இருப்பதை இல்லாமல் ஆக்குவதும் இவர்களுக்குக் கைவந்த கலை.

கோடிக்கணக்கில் வாங்கியவர்களின் வாராக்கடனைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள எந்தச் சட்டத் திருத்தமும் குறுக்கே நிற்கவில்லை. தென்னை போனவன் கடனுக்கு மட்டும் பிரிவு தேடுகிறார்கள்.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரட்டும், அல்லது அதைவிட உறுதியாக ஒன்றை எழுதட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வாய் திறக்க வேண்டும். புயல் காலம் வரும் அடுத்த ஐப்பசிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.