பெண்கள் அச்சும் திருநங்கையர் எழுத்தும்

அச்சியந்திரம் எவர் கையில் இருக்கின்றதோ அவர் சொல்லே நிலைக்கும். இதனை எம்மவர்க்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியது இதனை உணர்ந்தேயாம். பிற்காலத்தில் எம் பெண்களும் அவ்வழியே சென்றனர். 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுதி, ஆடவர் நடத்திய ஏடுகள் இடங்கொடுக்குமட்டும் காத்திராத பெண்களின் துணிவுக்குச் சான்று.

அத்தகைய பெண்கள் ஏடுகளிலும் பதிப்பகங்களிலும் திருநங்கையர்க்கு இடமுண்டா என்பதே இன்று உலகெங்கும் எழுந்துள்ள வழக்கு. 1979இல் அமெரிக்காவில் ஜானிஸ் ரேமண்ட் எழுதிய நூல், இடமில்லை என வாதிட்டது. 2018 டிசம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் தற்பாலீர்ப்புப் பெண்கள் சஞ்சிகைகள் சில ஒன்றுகூடி, திருநங்கையரை விலக்குவது தம் பெயரால் நடத்தல் ஆகாது என அறிக்கை விடுத்தன. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சமத்துவச் சட்டத்திலுள்ள ‘பெண்’ என்ற சொல் பிறப்பின் பாலையே குறிக்கும் என்றது. அது ஒரு சட்டத்தின் சொல்லுக்குக் கூறிய பொருள். எவர் எழுத்தை அச்சேற்றுவது என்பதைப் பதிப்பாசிரியரே தீர்மானிக்கவேண்டும்.

தமிழிலே நடந்தது என்ன? ரேவதி 2004இல் தன் கதையை எழுதவில்லை. தன்போன்றோர் வாழ்வைக் கேட்டெழுதி ‘உணர்வும் உருவமும்’ எனத் தந்தார். அவர் தமிழில் எழுதிய தன்வரலாறோ 2010இல் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பான ‘வெள்ளை மொழி’ மறு ஆண்டே வந்தது. தாய்மொழியில் எழுதியவள் பிறமொழி வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் நுழைய நேர்ந்தது எமக்குப் பெருமை தருவதன்று. 2016இல் அவரது அடுத்த நூலை டெல்லியிலுள்ள சுபான் என்னும் பெண்ணியப் பதிப்பகம் வெளியிட்டது. அதனால் அப்பதிப்பகத்தில் பெண்ணெழுத்து அருகிவிடவில்லை.

மறுப்போரின் அச்சத்தையும் நாம் இகழவில்லை. பங்குக் கிணற்றில் இன்னொருவருக்கு முறை கொடுத்தால் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் குறையுமென்று அஞ்சும் கமக்காரனை நாம் அறிவோம். தற்பாலீர்ப்புப் பெண்களுக்கு இந்நாட்டிற் கிடைத்ததோ மிகச் சிறிய துண்டு. அவர்கள்மீது வன்புணர்வுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டும் என ஆங்கிலப் பத்திரிகையொன்றில் வந்த கடிதத்தை எதிர்த்த முறைப்பாட்டை, இலங்கைப் பத்திரிகைப் பேரவை 2000இல் தள்ளிவிட்டது. ஆதலால் தமக்கெனச் சில பக்கம் கேட்கும் பெண்ணைப் பகைவி என வைவது தகாது. அவள் வாதமும் அச்சேறட்டும். ஆயினும் 1995இல் பெண்களையும் உட்படுத்தித் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, இவ்விரு சாராரையும் அச்சுறுத்தப் பயன்பட்டதை அவள் மறத்தலாகாது.

தொல்காப்பியர் இவர்களை உயர்திணையிலே வைத்தார். இலக்கணம் மனனம் செய்தோர் இதனை ஏனோ மனத்திற் கொள்ளவில்லை!

குடாநாட்டில் அடுத்த பெண்கள் தொகுதியைத் தொகுப்போர் திருநங்கையரிடமும் எழுத்துக் கேட்கவேண்டும்; அவரவர் விரும்பும் பெயரிலே, தமிழிலேயே முதலில் வெளியிடவேண்டும். தொகுப்பாசிரியர் குழுவிலும் ஒருவரைச் சேர்த்தால், பேட்டி கண்டு பிறர் எழுதும் நிலை ஒழியும்.