களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

வல்லரசு ஒன்று பிறிதொரு நாட்டின்மீது வர்த்தகத் தடை விதிக்கின்றது என்று செய்தி வரும்போது, அஃது ஆட்சியாளர்களுக்கு இடையே நடக்கும் பூசல் என்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றனர். கப்பல்கள் நிற்கும், வங்கிக் கணக்குகள் முடங்கும், மந்திரிமார் அறிக்கை விடுவர், நமக்கென்ன என்று இருந்துவிடுகின்றோம். ஆனால் தடையின் பாரம் இறுதியில் வந்து விழுவது உழைப்பவன் தோளிலேதான். இன்று அத்தடை கப்பலையும் வங்கியையும் கடந்து, கணினிக்கு நிரல் எழுதும் இளைஞனின் மேசை வரை நீண்டுவிட்டது. கண்டியிலும் பேராதனையிலும் உள்ள நம் பிள்ளைகளின் உழைப்பும் இதில் அடங்கியிருப்பதால், இதுபற்றி எழுதுவது நம் கடமையாகின்றது.

மலைநாட்டு மக்களுக்குத் தடை என்பது புதிய சொல் அன்று. 1951 மே மாதத்தில், கொரிய யுத்தத்தை முன்னிட்டு, சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருள்களை அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. அப்பொருள்களுள் றப்பரும் ஒன்று. இலங்கை அந்நாளில் அச்சபையின் அங்கத்துவ நாடுகூட அன்று. ஒருபுறம் றப்பர் விலை சரிந்தது. மறுபுறம் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. 1952ஆம் ஆண்டின் இறுதியில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் நாம் கொடுப்பது. 2,70,000 தொன் அரிசி நாம் பெறுவது. பொதுவுடைமைக்கு நண்பர் என்று டட்லியை எவரும் சொல்லமாட்டார். ஆயினும் மக்களின் பசிக்கு முன் வேறு வழி இருக்கவில்லை. அதற்காக அமெரிக்கா 1951ஆம் ஆண்டின் தன் சட்டமொன்றைக் காட்டி, 1956 வரை இலங்கைக்குப் பொருளாதார உதவியை மறுத்தது. வாஷிங்டனில் எழுதிய சட்டம் நம் பால்வெட்டுத் தொழிலாளியின் கூலியையும் நம் வீட்டு உலைப்பானையையும் தொட்டது என்பதை மறுப்பார் யார்?

அரை நூற்றாண்டு கடந்தும் கதை மாறவில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிருக்கு, நம் காலத்தில் ஈரான் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாக விளங்கியது. ஈரானிய வங்கிகள்மீது விழுந்த தடையினால், விற்ற தேயிலைக்குப் பணம் பெறுவதே ஏற்றுமதியாளருக்குப் பெரும் பாடாயிற்று. நாம் 2012இல் வாங்கிய எண்ணெய்க்குரிய ஏறத்தாழ 25 கோடி டொலரையும் கொடுத்துத் தீர்க்க வழியின்றிப் போயிற்று. கடைசியில் 2021 டிசம்பரில், கடனுக்கு ஈடாக மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்புவது என்று இரு நாடுகளும் உடன்பட்டன. தேயிலை உணவுப்பொருள் ஆதலால் தடைக்குள் வராது என்று அதிகாரிகள் விளக்கம் கூறினர். பண்டமாற்று என்னும் பழைய வழி அன்று றப்பரையும் இன்று தேயிலையையும் காத்தது.

இனி, பண்டமாற்றுக்கும் வழியில்லாத ஒரு பொருளைப் பார்ப்போம். கணினிக்கு மனிதன் எழுதும் கட்டளைத் தொகுதியே நிரல். அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் வைப்பதே திறந்த மூலநிரல். ஊர்க்குளத்தை ஊரார் கூடித் தூர்வாருவதுபோல, ஒருவரையொருவர் கண்டறியாத ஆயிரமாயிரம் பேர் கூடிச் செய்யும் பொதுத்தொண்டு இது. வங்கியும் வைத்தியசாலையும் கைத்தொலைபேசியும் இன்று இத்தகைய நிரல்களின்றி இயங்கா.

இந்தத் தொண்டில் இலங்கைக்கு ஒரு பெருமை உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையோரங்களை அழித்தபோது, காணாமற் போனோரைத் தேடவும் நிவாரணத்தைப் பகிரவும் இந்நாட்டுத் தொண்டர்கள் ‘சகானா’ என்னும் திறந்த மூலநிரலை எழுதினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் அது பயன்பட்டது. அந்நிரல் தொடக்க ஆண்டுகளில் சோர்ஸ்போர்ஜ் என்னும் அமெரிக்கக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. அதே சோர்ஸ்போர்ஜ் 2010 ஜனவரியில், தன் நாட்டுச் சட்டத்தைக் காட்டி, ஈரான், சிரியா, சூடான், கியூபா, வடகொரியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோருக்குக் கதவை மூடியது. நம் கடல் பொங்குவதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2003 டிசம்பர் 26இல், ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து பல்லாயிரவர் மாண்டனர் என்பதை நினைத்துப் பாருங்கள். துயரத்துக்கு மருந்தாக எழுதிய நிரலை எவருக்குக் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை, அதை எழுதியவனிடம் இருக்கவில்லை. வைத்த இடத்தின் சட்டத்தினிடம் இருந்தது.

அந்த இடத்தில் இன்று வீற்றிருப்பது கிட்ஹப். 2008இல் தொடங்கிய இந்நிறுவனத்தை 2018இல் மைக்ரோசொப்ட் 750 கோடி டொலருக்கு வாங்கியது. 2019 ஜூலையில் கிரைமியா, ஈரான், சிரியா, கியூபா, வடகொரியா ஆகிய இடங்களில் உள்ள நிரலாளரின் கணக்குகளை அது கட்டுப்படுத்தியது. பொதுக் களஞ்சியங்கள் திறந்திருந்தன. தனிக் களஞ்சியங்களும் கட்டணக் கணக்குகளும் பூட்டப்பட்டன. முன்னறிவித்தல் வரவில்லை என்றும், தாம் எழுதியதையே எடுத்துச் செல்ல முடியவில்லை என்றும் பலர் முறையிட்டனர். அவர்கள் செய்த குற்றம் என்ன? அணுகுண்டு செய்தனரா? ஆயுதம் கடத்தினரா? அவர்கள் பிறந்த மண்ணும் வாழும் மண்ணுமே குற்றமாயின. கிரைமியாவில் வாழ்ந்தவன் நிலையோ இன்னும் விசித்திரமானது. 2014இல் அவன் நிலத்தை ரஷ்யா கைப்பற்றியது. அதற்கான தண்டனை அவன் தலையில் இறங்கியது.

நீதி தவறாது பேசுவோமாயின், நிறுவனத்தை மட்டும் குற்றம் சாட்டுதல் தகாது. தன் நாட்டுச் சட்டத்துக்கு அது பணிந்தாக வேண்டும். அமெரிக்க அரசாங்கத்திடம் விசேட அனுமதி கேட்டுப் பெற்று, 2021 ஜனவரியில் ஈரானியருக்குக் கதவை மீண்டும் திறந்ததும் அதே நிறுவனந்தான். ஆனால் இடையே கழிந்த ஒன்றரை ஆண்டை அந்த இளைஞர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்? சிரியா மீதான தடைத் திட்டத்தை அமெரிக்க ஜனாதிபதி 2025 ஜூனில் ஓர் உத்தரவினால் முடித்துவைத்தார். ஒரு கையெழுத்தினால் பூட்டவும் ஒரு கையெழுத்தினால் திறக்கவும் கூடிய கதவு அது. வேண்டியபோது திறக்கவும் மூடவும் கூடிய அக்கையெழுத்தை இடுபவரைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கோ சிரியருக்கோ ஒரு வாக்கும் இல்லை.

இதில் ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். புத்தகம், பத்திரிகை போன்ற அறிவுப் பொருள்களை வர்த்தகத் தடையினால் மறிக்கலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸே 1988இல் சட்டத்தைத் திருத்தியது. பகை நாட்டுக் குடிமகனும் படிக்கலாம், எழுதலாம் என்னும் உயர்ந்த எண்ணம் அதில் இருந்தது. நிரலும் எழுத்தே அன்றோ? பொதுக் களஞ்சியங்களைத் திறந்துவைத்த கிட்ஹப், எழுத்தை வைக்கும் அலமாரியைச் ‘சேவை’ என்று கொண்டு பூட்டியது. எழுத்துக்குச் சுதந்திரம், அலமாரிக்குச் சிறை! இதுவும் ஒரு நியாயமா?

இலங்கைமீது அத்தகைய நாடு தழுவிய தடை இல்லையே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உண்மை, இன்று இல்லை. ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்குள்ள கணினிப் பொறியியற்றுறை தன் மாணவரின் செயற்றிட்டங்களைக் கிட்ஹப்பிலே பொதுவில் வைத்துள்ளது. பாராட்டத்தக்க முயற்சி, மாணவனின் உழைப்பை உலகம் காண வழி செய்கின்றது. அட்டனிலும் புசல்லாவையிலும் கொழுந்து பறிக்கும் தாய் படிக்கவைத்த பிள்ளைக்கு, பட்டச் சான்றிதழோடு அந்தப் பக்கமும் ஒரு சான்றிதழ். வேலை கொடுப்போர் அதைத் திறந்துதான் பார்க்கின்றனர். நான்கு ஆண்டு உழைப்பின் பதிவேடு, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கம்பனியின் ஏட்டில் இருக்கின்றது. 1952இல் நம் அரிசியைத் தொட்ட சட்டம், நாளை வேறொரு காரணத்தால் அந்த ஏட்டைத் தொடாது என்று உறுதி கூற எவரால் முடியும்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. தடையே வேண்டாம்; டொலர் இல்லாத ஒரு மாதமே கட்டணக் கணக்கொன்றை மூடப் போதும்.

பரிகாரம் என்ன? கிட்ஹப்பை விட்டு எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சந்தையை விட்டு ஓடினால் விளைச்சலை எங்கே விற்பது? சந்தைக்குப் போகும் உழவன் விதைநெல்லையும் சேர்த்துக் கொண்டுபோய் விற்பதில்லை. அவ்வளவே நாம் சொல்வது.

பேராதனைக்குப் பக்கத்திலே, கன்னொறுவையில், விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபுவள நிலையம் 1988 முதல் இந்நாட்டு நெல்லினங்களின் விதைகளைப் பேணி வருகின்றது. விதையை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தடைக்கு உள்ளான சிரியாவே சான்று. அலெப்போ நகருக்கு அருகே இருந்த சர்வதேச விதைக் களஞ்சியம் உள்நாட்டுப் போரில் சிக்கியது. ஆனால் அதன் விஞ்ஞானிகள் முன்கூட்டியே நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவிலுள்ள களஞ்சியத்துக்கு இரண்டாம் பங்கை அனுப்பி வைத்திருந்தனர். 2015இல் அதைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்து, பயிரினங்களை மீட்டனர். இரண்டாம் பங்கு இல்லாதவன் கதியை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அதனோடு சாம்பலாயின.

நிரலாளனுக்கு நல்வாய்ப்பாக, இரண்டாம் பங்கு வைப்பதற்கான கருவி அவன் கையிலேயே இருக்கின்றது. கிட்ஹப் என்னும் மாளிகை நிற்பது ‘கிட்’ என்னும் அடித்தளத்தின்மீது. அதை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதே ஒரு கதவு மூடப்பட்டதனால்தான். லினக்ஸ் நிரலாளர் பயன்படுத்திவந்த கருவியொன்றின் உரிமையாளர், இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கற்றே, ஒவ்வொருவர் கணினியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும்படி கிட் அமைக்கப்பட்டது. அத்தகைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மாளிகையில் எல்லாவற்றையும் பூட்டிவைப்பது, கிணற்றை வீட்டில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு ஊர் தாண்டிப் போவதற்கு ஒப்பாகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நிரலின் படி நம்மிடம் இருப்பினும், அதைப் பற்றிய உரையாடலும் குறை முறைப்பாடுகளும் உறுப்பினர் பட்டியலும் கம்பனியிடமே தங்கிவிடுகின்றன. அவற்றையும் தனியே எடுத்துச் சேமித்தல் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. முதலாவது, பேராதனைப் பல்கலைக்கழகம் தன் மாணவரின் நிரல்களுக்கு உள்நாட்டில் ஒரு முழுப் படியைப் பேண வேண்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு இதில் கைகொடுக்கலாம். நூலகத்தில் நூலைக் காப்பது போன்றதே இதுவும். இரண்டாவது, பொதுப்பணத்தில் எழுதப்படும் அரசாங்க நிரல் எதுவும் பிறநாட்டுக் களஞ்சியத்தில் மட்டும் இருத்தலாகாது. மூன்றாவது, படிகள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இருக்க வேண்டும். ஜெர்மனியில் கோட்பெர்க் என்னும் இலாப நோக்கற்ற சங்கம் உண்டு. பிரான்சில் உலகின் மூலநிரல்களைத் திரட்டும் சொப்ட்வெயர் ஹெரிட்டேஜ் உண்டு. எந்த ஒரு நாட்டையும் முற்றாக நம்பாதிருப்பதே நமக்குக் காப்பு.

இதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்று நாம் ஆசை வார்த்தை கூறமாட்டோம். 2024 ஒக்டோபரில், லினக்ஸின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்தே ரஷ்யத் தொடர்புடைய சிலரின் பெயர்கள் தடைச் சட்டங்களின் காரணமாக நீக்கப்பட்டன. படி கையில் இருந்தும் சபையில் இடம் போயிற்று. சபையில் நமக்கு இடம் வேண்டுமாயின், எழுதிய உழைப்பாளிக்கும் அவன் நாட்டு அரசின் செயலுக்கும் வேற்றுமை காணும் சட்டம் வேண்டும் என்று உலக அரங்கில் குரல் எழுப்ப வேண்டும். தடையினால் றப்பரிலும் தேயிலையிலும் அடிபட்ட இலங்கைக்கு அக்குரல் எழுப்பும் தகுதி மற்றவரைவிட அதிகம் உண்டு. நம் அரசாங்கம் அதைச் செய்யுமா?

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விதைநெல்லை வீட்டில் கட்டிவைக்க எந்த உழவனும் மந்திரியின் உத்தரவை எதிர்பார்த்ததில்லை. நிரல் எழுதும் நம் பிள்ளைகள் தம் படைப்பின் இரண்டாம் படியை இன்றே வேறிடத்தில் வைக்கட்டும். பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரும் அவர்களிடம் ஒன்று கேட்கட்டும்: ‘நீ விளைத்ததை வைத்திருக்கும் களஞ்சியத்தின் சாவி யார் கையில்?’